முதல் ஆள்

காட்டூரிலிருந்து வாழைத்தார் வந்திருக்கிறது என்று வாசல் செக்யூரிட்டி போன் செய்தால் எனக்கு ஏன்தான் வந்ததோ என்றிருக்கும். மற்றவர்களுக்கு அது கொண்டாட்டம். என்னிடம் ஆராய்ச்சி செய்யும் பிள்ளைகள் கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். ஒருத்தி கத்தி தேடுவாள், ஒருவன் தாரைக் கட்டித் தொங்கவிடக் கயிறு தேடுவான். ஆய்வுக்கூடத்துக்குள் தின்பண்டம் கூடாது என்று நான் கத்துவேன். கத்திவிட்டு, சாப்பாட்டு அறைக்குக் கொண்டுபோகச் சொல்வேன். பூவனோ ஏலக்கியோ, எதுவாக இருந்தாலும் நான் ஒரு பழம்கூடத் தொடமாட்டேன். மேடத்துக்கு வாழைப்பழம் ஒத்துக்கொள்ளாது என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

தார் அனுப்புகிறவள் என் கல்லூரித் தோழி. லால்குடிப் பக்கம் அவள் அண்ணனுக்கு நெல்லும் வாழையும் உண்டு. தார் வெட்டும்போதெல்லாம் எனக்கென்று ஒன்றை ஒதுக்கி வைக்கச் சொல்லியிருக்கிறாள். அவள் மகனுக்கு நான் செய்த உதவிக்கு நன்றியாக. அந்த உதவி என்னவென்று சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் வைரஸ்களை வைத்துப் பிழைப்பவள். கொரோனாவுக்குப் பிறகு இதை வெளியில் சொல்வதே சங்கடமாகிவிட்டது. ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெரு மாமி ஒருத்தி, பால் வாங்கும் இடத்தில் என்னைப் பிடித்துக்கொண்டு, "ஏம்மா, உங்க லேப்லேர்ந்துதான் கிளம்பித்தாமே?" என்று கேட்டாள். "எங்க லேபுக்கு அவ்வளவு சாமர்த்தியம் இல்ல மாமி" என்றேன். அவள் அதை நம்பவில்லை. அதன் பிறகு ஒரு மாதம் என்னைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் ஒதுங்கிப் போனாள்.

என்னுடையது நோய் தராத ஒரு குட்டி வைரஸ். அதன் சொந்தச் சரக்கை எடுத்துவிட்டு, வெறும் ஓட்டுக்குள் நமக்கு வேண்டிய ஜீனை வைத்து நோயாளியின் ரத்தத்தில் செலுத்துவோம். அது கல்லீரல் செல்லுக்குள் புகுந்து சரக்கை இறக்கிவிடும். உடம்பில் இதுவரை இல்லாமலிருந்த பொருளை அந்தச் செல்லே அதற்கப்புறம் தயாரித்துக்கொள்ளும். இவ்வளவுதான். இந்த இவ்வளவுக்குத்தான் என் தலைமுடி நரைத்தது.

தோழியை எனக்கு ரயிலில் பழக்கம். அவள் லால்குடியில் ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்துவைப்பாள். ஸ்ரீரங்கத்தில் நான் ஏறியதும் கைப்பையை எடுத்துவிட்டு, "உக்காருடி, மகாராணி" என்பாள். கொள்ளிடத்தை அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துவிடுவாள், காவிரியை எனக்கு விட்டுக்கொடுப்பாள். படிப்பு முடிந்ததும் அரியமங்கலத்தில் லேத் பட்டறை வைத்திருந்தவருக்கு அவளைக் கட்டிக் கொடுத்தார்கள். காட்டூரில் குடித்தனம். நான் வெளிநாடு போனேன்.

அவள் மகன் தவழ ஆரம்பித்தபோது முழங்கால் இரண்டும் கன்றிப்போய் வீங்கின. யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்றார்கள், கால்ஷியம் குறைவு என்றார்கள், கடைசியில் ரத்தம் உறையாத நோய் என்று தெரிந்தது. தாய் வழியாக ஆண் பிள்ளைக்கு வருவது. இதைக் கேட்டதும் புகுந்த வீட்டில் அவளைப் பார்த்த பார்வையே மாறிவிட்டது. எனக்குப் போன் செய்தாள். அழவில்லை. "அங்க இதுக்கு மருந்து இருக்காடி?" என்று மட்டும் கேட்டாள். "ரத்தம் உறையறதுக்கு ஊசி இருக்கு, அடிக்கடி போடணும். ஒரேயடியா தீர்க்கற மருந்து இல்ல, வரும்" என்றேன். "யாரு கண்டுபிடிப்பா?" என்றாள். எனக்கு அப்போது இளமைத் திமிர். "நான்தான்" என்று சொல்லிவிட்டேன்.

உண்மை என்னவென்றால் நான் அந்தப் பிள்ளைக்காக இந்த வேலைக்கு வரவில்லை. ஏற்கெனவே இந்த வைரஸோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கல்லீரல் பக்கம் திரும்பியதுகூட அங்கே ஆராய்ச்சிக்கு வழி திறந்திருந்ததால்தான். ஆனால் மேடை ஏறினால் வேறு கதை சொன்னேன். வீங்கிய முழங்காலோடு ஒரு குழந்தை, ஃப்ரீசர் முழுக்க ஐஸ் கட்டி நிரப்பி வைத்துக்கொண்டு காத்திருக்கும் ஒரு தாய், அந்தத் தாய்க்கு வாக்குக் கொடுத்த ஒரு தோழி. கூட்டம் நிசப்தமாகக் கேட்கும். முடிந்ததும் கைதட்டும். எந்த இடத்தில் நிறுத்தினால் கண் கலங்குவார்கள் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அந்தக் குழந்தை வளர்ந்து, முழங்கால் மடங்காமல் நொண்டிக்கொண்டு கல்லூரி போய், அப்பாவின் பட்டறையில் மெஷின் பக்கம் நிற்க முடியாமல் கம்ப்யூட்டரில் வரைபடம் போடும் வேலைக்கு வந்த பிறகும் என் பேச்சில் அவன் தவழ்ந்துகொண்டேதான் இருந்தான்.

ஊருக்குத் திரும்பி, திருச்சியில் ஆய்வுக்கூடம் அமைத்து, வைரஸை மனிதர்களுக்குச் செலுத்திப் பார்க்க அனுமதி வாங்கியபோது, வருவதற்கு ஆளில்லை. உடம்புக்குள் வைரஸை விடுவதா என்று எல்லோரும் பயந்தார்கள். கொரோனா முடிந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்த காலம் அது, யாரைக் குறை சொல்ல முடியும்? மருத்துவமனை தயார், மருந்து தயார், முதலில் வர ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் வராவிட்டால் என் அத்தனை வருட வேலையும் குளிர்பெட்டியிலேயே கிடக்கும். நான் காட்டூருக்குப் போனேன்.

"நம்ம ஊர்லயே ஆரம்பிக்கப் போறோம். இவனுக்குப் பொருந்தும்னா இவன்தான் முதல் ஆளு" என்றேன்.

"முதல் ஆளாவா?" என்றாள். அவள் முகம் மலர்ந்ததை இப்போதும் பார்க்க முடிகிறது. கணவரைக் கூப்பிட்டாள். "கேட்டீங்களா, நம்ம புள்ளதானாம் முதல் ஆளு."

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அவள் பிறந்த ஊரில் கோயில் பரிவட்டம் முதலில் யாருக்கு என்று அவள் அப்பாவும் பங்காளியும் போட்ட சண்டையில் சாமி புறப்பாடே தெருமுனையில் நின்றுபோனது. ரயிலில் அதை அவளே சிரித்துச் சிரித்துச் சொல்லியிருக்கிறாள். நான் மட்டும் என்ன? எங்கள் ஊரில் தீர்த்தம் முதலில் யார் வாங்குவது என்று முழங்கையால் இடிப்பவர்களின் நடுவில் வளர்ந்தவள். முதல் என்ற சொல் எங்கள் இருவர் காதிலும் மரியாதையாகத்தான் விழும். ஆனால் என் தொழிலில் அதற்கு வேறு பொருள். புது மருந்தை முதல் ஆளுக்கு மிகக் குறைந்த அளவில்தான் கொடுப்போம். உடம்பு தாங்குகிறதா என்று பார்ப்பதற்கு மட்டும். தாங்கினால் அடுத்து வருகிறவர்களுக்குக் கூட்டுவோம். நோயைத் தீர்க்கிற அளவு பின்னால் வருகிறவர்களுக்குத்தான் கிடைக்கும். போதாததற்கு, அந்த வைரஸை ஒருமுறை பார்த்துவிட்ட உடம்பு அதை மறக்காது. மறுமுறை வந்தால் கல்லீரலை எட்டுவதற்கு முன்பே தாக்கி அழித்துவிடும். அதாவது ஒருவருக்கு ஒரே ஒரு வாய்ப்பு. முதல் ஆளின் வாய்ப்பு பலன் தராத அளவில் செலவழிந்துபோகும்.

இதையெல்லாம் மறைத்தோமா என்றால் இல்லை. சம்பந்தப்பட்ட விஞ்ஞானி விளக்கக் கூடாது, வேறு டாக்டர்தான் விளக்க வேண்டும் என்பது விதி. அப்படியே நடந்தது. அவர் நிதானமாக, தமிழில், ஒன்று விடாமல் சொன்னார். "அளவு குறைவு என்பதால் பலன் கிடைக்காமல் போகலாம். பிற்காலத்தில் இதே வகைச் சிகிச்சை பெற முடியாமலும் போகலாம்." நான் கூட இருக்க வேண்டும் என்று தோழி பிடிவாதம் பிடித்ததால் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். டாக்டர் ஒவ்வொரு வரியாகச் சொல்லி முடித்ததும் அவள் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். மகன் மட்டும் ஏதோ கேட்க வாயெடுத்தான். "அதான் ஆன்ட்டி இருக்காங்கல்லடா" என்று அவன் தொடையில் தட்டினாள்.

அந்தத் தலையாட்டலுக்கு என்ன பொருள் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். டாக்டர் சொல்வது சரி என்ற பொருளில்தான் ஆட்டினேன். பயப்படாதே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்ற பொருளில் அவள் எடுத்துக்கொண்டாள். அவள் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறாள் என்று எனக்கு அந்த நிமிடமே தெரியும். வெளியே வந்ததும் காரிடாரில் நிறுத்தி, "இவனுக்கு இது பலிக்காதுடி, இவன் வழி போட்டுக் குடுத்தாத்தான் பின்னால வர்றவன் பிழைப்பான்" என்று சொல்லியிருக்கலாம். எலிகளில் அந்தக் குறைந்த அளவே நன்றாக வேலை செய்ததை எனக்கு நானே சொல்லிக்கொண்டு காபி வாங்கப் போனேன்.

ஊசி போட்டார்கள். காய்ச்சல்கூட வரவில்லை. சில வாரங்களில் ரத்தத்தை உறையவைக்கும் அந்தப் பொருள் துளித் துளியாகத் தலை காட்டியது. போனில் சொன்னேன். முதல் வாழைத்தார் அப்போதுதான் வந்தது. அந்த மழைக்காலம் முடிவதற்குள் அளவு பழைய இடத்துக்கே இறங்கிவிட்டது. அதையும் சொன்னேன். "பரவால்லடி, நீ என்ன பண்ணுவ" என்றாள். தார் வருவது நிற்கவில்லை.

மருந்து பாதுகாப்பானது என்று அவன் உடம்பு சொல்லிவிட்டதால் அடுத்தவர்கள் தைரியமாக வந்தார்கள். அளவு கூடியது. கடைசியில் வந்தவர்களில் புதுக்கோட்டைப் பக்கத்துப் பையன் ஒருவன் இப்போது பைக்கில் சுற்றுகிறான், ஷட்டில் ஆடுகிறான். அவன் ஆடும் வீடியோவை மேடையில் போட்டுக் காட்டுவேன். என் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்ட பட்டங்கள் அந்த வீடியோவால் வந்தவை. தவழும் குழந்தையின் கதையைச் சொல்வதை எப்போது நிறுத்தினேன் என்று ஞாபகமில்லை. அதற்கு அவசியம் இல்லாமல் போய்விட்டது.

போன கோடையில் தோழியின் மகனே போன் செய்தான்.

"ஆன்ட்டி, வீரியம் கூட்டிப் புதுசா ஒண்ணு வருதாமே. எனக்குப் போட முடியுமா?"

"ஏற்கெனவே போட்டிருக்கு இல்லப்பா. உடம்பு விடாது."

"மூணு நாலு வருஷம் ஆச்சே. மறந்திருக்காதா? டெஸ்ட் பண்ணிப் பாக்கலாம்ல?"

அவன் குரலில் கெஞ்சல் இல்லை. வலது முழங்கால் அடிக்கடி ரத்தம் கட்டி, இப்போது பட்டறை மாடிப்படி ஏறுவதே கஷ்டமாக இருக்கிறது என்றான். பார்க்கலாம் என்றேன். கொஞ்ச காலத்தில் சிலருக்கு அந்த எதிர்ப்பு தேய்வதுண்டு. அவனுக்குத் தேய்ந்திருந்தால் என் தலையாட்டலும் தேய்ந்துவிடும் என்று உள்ளுக்குள் ஒரு நப்பாசை.

சோதனை எளிதானது. வைரஸுக்குள் பச்சையாக ஒளிரும் ஜீனை வைத்து, நோயாளியின் ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தோடு கலந்து, தட்டில் வளரும் செல்களின் மேல் விடுவோம். ரத்தத்தில் எதிர்ப்பு இல்லையென்றால் வைரஸ் உள்ளே புகுந்து செல்கள் பச்சையாக மின்னும். எதிர்ப்பு இருந்தால் இருட்டு. ரத்தத்தை மேலும் மேலும் தண்ணீராக்கிப் பார்க்கும்போது எங்காவது பச்சை தெரியத் தொடங்கும். எந்தக் குழாய் யாருடையது என்று மாணவிக்குத் தெரியாது. எண்கள் மட்டுமே ஒட்டியிருக்கும். எனக்குத் தெரிந்திருக்கக் கூடாது, ஆனால் தெரியும். அவள் மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார, நான் பின்னால் நின்று திரையைப் பார்த்தேன். பக்கத்துத் தட்டுகள் வயல் மாதிரி பச்சை. அவனுடையது வந்ததும் திரை இருண்டது. எவ்வளவு தண்ணீராக்கியும் இருட்டுதான்.

"சுத்தமா பிளாக் பண்ணிடுச்சு மேடம்" என்றாள் மாணவி. "யாரு மேடம் இது? பாவம்."

"தெரியலம்மா. அடுத்ததப் பாரு" என்றேன். அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. கைகழுவும் இடத்தில் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன்.

இதைப் போனில் சொல்லக் கூடாது என்று நானே காட்டூர் போனேன். போன நேரம் நல்ல நேரமா என்று தெரியவில்லை. தோழியின் மகளுக்கு ஆண் குழந்தை பிறந்து, பிரசவத்துக்கு வந்தவள் அங்கேயே இருந்தாள். பிறந்த அன்றே தொப்புள்கொடி ரத்தத்தைச் சோதித்திருந்தார்கள். மாமனுக்கு இருப்பது மருமகனுக்கும் இருந்தது. குழந்தை தூளியில் தூங்கிக்கொண்டிருந்தான். தூளிக்கு அடியில் தடிமனாக மெத்தை விரித்திருந்தார்கள். மேஜை விளிம்புகளில் இப்போதே ஸ்பாஞ்ச் சுற்றியாகிவிட்டது. அண்ணன் விழுந்து எழுந்ததைப் பார்த்து வளர்ந்தவள் அந்தப் பெண், யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஹால் மூலையில் சாக்கின் மேல் லால்குடித் தார் ஒன்று சாய்ந்திருந்தது. எனக்காகத்தான் என்று பார்த்ததும் தெரிந்தது.

தோழியின் மகன் காலை முக்காலியில் நீட்டி, முழங்காலில் ஐஸ் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சுற்றி வளைக்காமல் சொன்னேன். உடம்பு மறக்கவில்லை, மறக்கவும் போவதில்லை, புது மருந்தும் அவனுக்கு ஆகாது.

ஐஸ் பையை முழங்காலில் நகர்த்தி வைத்தபடி, "எங்க பட்டறைல செட்டிங் பீஸ்னு ஒண்ணு உண்டு ஆன்ட்டி" என்றான். "புது வேலை வந்தா மொதல்ல ஒரு பீஸ ஓட்டி, அளவு சரியா வருதான்னு பாப்போம். அத வெச்சு மெஷின சரி பண்ணுவோம். அப்புறம் ஓட்டறதெல்லாம் நல்லா வரும். அந்த மொத பீஸு ஸ்க்ராப்புக்குப் போயிடும்."

"என்னடா பேச்சு இது, ஆன்ட்டிகிட்ட?" என்றாள் தோழி.

"தப்பா சொல்லலம்மா. அது இல்லாம வேலை நடக்காது. அதத்தான் சொல்றேன்." பிறகு என்னைப் பார்த்து, "அன்னிக்கே கேக்கணும்னு நெனச்சேன். நீங்க தலையாட்டிட்டு இருந்தீங்களா, சரின்னு விட்டுட்டேன்" என்றான்.

மேடையில் எந்தக் கேள்விக்கும் மடக்கிப் பதில் சொல்கிறவள் நான். மன்னித்துக்கொள் என்று சொல்ல நினைத்தேன், அதைச் சொன்னால் பரவாயில்லை என்று சொல்லும் பொறுப்பும் அவன் தலையில் விழுமே என்று தோன்றியது. தோழி கொடுத்த காபி ஆறிப்போனது. அவன் ஐஸ் பையை மாற்ற எழுந்தபோது கை கொடுக்கப் போனேன். "வேணாம் ஆன்ட்டி, பழக்கம்தான்" என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தான்.

தோழி என்னை வழியனுப்ப கேட் வரை வந்தாள். வழக்கமாக அங்கே நின்று ஊர்க்கதை பேசுவோம். அன்று கேட் தாழ்ப்பாளைத் திறந்து மூடித் திறந்துகொண்டிருந்தாள்.

"இந்தப் பொடியனுக்கும் உங்க மருந்து வரும்லடி?"

"வரும். இவன் பெரியவனாகறதுக்குள்ள இன்னும் நல்லதாவே வரும்."

"வந்தா சொல்லு" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், தாழ்ப்பாளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஆனா இந்தத் தடவ எங்கள முதல்ல கூப்பிடாதடி. கடைசியா கூப்பிடு."

குரலில் கோபம் இல்லை. கல்யாண வீட்டில் தெரிந்தவர்களிடம், எங்களைக் கடைசிப் பந்தியில் உட்கார வையுங்கள் என்று சொல்வது போலத்தான் சொன்னாள். பரிவட்டத்துக்குச் சண்டை போட்டவரின் மகள். நான் "சரிடி" என்றேன். "போயிட்டு வரேன்" என்றும் சொன்னேன். அவள் "ம்" என்றாள்.

காவிரிப் பாலத்தில் நெரிசல், வண்டி அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. சிறு குழந்தைகளுக்கான புது ஆய்வுக்கு அனுமதி கேட்டிருக்கிறோம். அதற்கும் ஒரு முதல் ஆள் வேண்டும். இந்தத் தடவை நானே அந்த அம்மாவின் எதிரில் உட்கார்ந்து, உங்கள் பிள்ளைக்கு இது உதவாமல் போகும் என்றுதான் முதலில் சொல்ல வேண்டும், விதி என்ன சொன்னாலும். அப்படிச் சொன்னால் யாரும் வரமாட்டார்களோ என்று பயமாக இருக்கிறது. ஒருவரும் முதலில் வராவிட்டால் தூளியில் தூங்கும் அந்தப் பொடியனுக்கும் கடைசி என்று ஒன்று வராது. தோழிக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டுமென்றால், இன்னொருத்தியின் வீட்டு ஹாலில் போய் நான் உட்கார்ந்தாக வேண்டும்.

வீட்டுக்கு வந்து டிக்கியைத் திறந்தேன். வழக்கமாக அவள் மகனையோ கணவரையோ கூப்பிட்டு, நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்லத் தாரை அதில் ஏற்றிவிடுவாள். டிக்கி காலியாக இருந்தது. தார் ஹால் மூலையிலேயே இருந்துவிட்டது, அவள் மறந்துபோய் விட்டதில்லை, வேண்டுமென்றே விட்டது. எனக்கு அழுகை வந்தது. கூடவே, இத்தனை வருடத்தில் முதல் தடவையாகக் கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது.